பொக்குப் படங்கள்

பபிள்கம் உறையைப் பிரித்தவுடன் மூக்கில் ஏறும் அந்த இனிப்பு வாசம், கம்மைவிட அதோடு மடித்து வைத்திருக்கும் படத்தில்தான் அதிக நாள் தங்கியிருக்கும். கம்மை மென்று துப்பிவிட்டு, படம் புத்தகத்துக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் வியர்த்த கைகளுக்குள்ளுமாகப் பல இடம் மாறின பிறகும், மூக்கருகே கொண்டுபோனால் கொஞ்சம் மணக்கும். மிளகும் கொக்கோவும் ஏலமும் வாங்கி விற்கிற கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, காரமில்லாத ஒரு வாசம் என்றாலே அதிசயம். மாத்தளையில் எங்கள் வீட்டுத் தலையணைகூட மிளகு மணத்தது.

அறுபதுகளின் பிற்பாதி அது. மூலைக் கடைகளில் விற்ற அந்தக் கம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிரிக்கெட்காரரின் படம் இருந்தது. முன்பக்கம் வெள்ளை உடுப்பில், மட்டையோடோ பந்தோடோ ஒரு மனிதர். பின்பக்கம் இங்கிலீஷில் அவருடைய பெயர், ஊர், தன் நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை ஓட்டம் எடுத்தார் என்ற கணக்கு. எங்களில் ஒருவரும் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவரில்லை. ஆனாலும் படங்களை வைத்து ஒரு விளையாட்டை நாங்களே உண்டாக்கியிருந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே குந்தியிருந்து, ஆளுக்கொரு படத்தை இழுத்து, பின்பக்கம் தெரியும்படி தரையில் போட வேண்டும். யாருடையதில் ஓட்டம் அதிகமோ அவருக்கே இரண்டு படமும். ஆயிரக்கணக்கில் ஓட்டம் எடுத்த ஒருவர் கைக்கு வந்துவிட்டால் பெருநாள்தான். ஒரே ஓர் ஆட்டம் ஆடி, ஒன்றுமே எடுக்காமல் திரும்பி, பிறகு ஒருபோதும் கூப்பிடப்படாத மனிதர்களும் அதே கம்மோடு, அதே சிரிப்போடு வந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் "பொக்கு". உள்ளே அரிசியில்லாத நெல்லுக்கு வயல்காரர்கள் சொல்கிற வார்த்தை. பொக்கு எந்த ஆட்டத்திலும் வெல்லாது என்பதால், விழுந்த இடத்திலேயே வீசிவிடுவோம். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஓடும் வடிகாலில், எங்கள் பேச்சில் கானில், வெள்ளை உடுப்புக்காரர்கள் மல்லாந்து மிதந்து போவார்கள்.

அவர்களைப் பொறுக்கி எடுத்தவள் என் ராத்தா.

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். எஸ்.எஸ்.சி. பாஸாகி, பல்லேபொலப் பக்கத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் சின்னக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்தபோது, வீட்டில் ஒரு வாரம் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குமர்ப் பிள்ளை தனியே பஸ்ஸில் போவதா என்று உம்மாவுக்குப் பயம். வாப்பா நல்ல மனிதர்தான், கடைக்கு வருகிறவர்களையெல்லாம் சிரிக்க வைத்து அனுப்புகிறவர். ஆனால் முன்வீட்டில், அதாவது எங்கள் வீட்டு வாசல் பக்கத்து அறையில், நாலு ஆண்கள் கூடி உட்கார்ந்தால், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "சின்னவள அந்த இஸ்கோல்லயே சேர்த்துவிடுவோம். ரெண்டு பேராப் போய் ரெண்டு பேரா வந்தா ஆர் என்ன சொல்ற?" இப்படியாக, டவுனில் நல்ல பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னை எழுப்பிக் கொண்டுபோய்க் கிராமத்தில் உட்கார வைத்தார்கள். இருபது வயதுக்காரிக்கு ஒன்பது வயதுக்காரி காவல். அதை நினைத்து நான் அழுத அழுகையை உம்மா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்.

காலைப் பஸ்ஸில் ராத்தா யன்னல் பக்கம், நான் வெளிப்பக்கம். வெள்ளைச் சேலை முந்தானையை முக்காடாக இழுத்து, மடியில் பையை வைத்து, பாதை நெடுக அன்றைய பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவாள். இறங்கும்போது அவள் முகம் மாறியிருக்கும். வீட்டில் ஒரு சொல்லுக்கு மறுசொல் பேசாதவள், வகுப்புக்குள் கால் வைத்ததும் "ஹிதாயா டீச்சர்" ஆகிவிடுவாள்; குரல் பிள்ளைகள் உட்காரும் கடைசி வாங்குப் பலகை வரை கேட்கும். பள்ளிக்கூடம் என்பது ஒரே நீளக் கூடம்தான், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் சுவரில்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பாடத்தை விட்டுவிட்டு ராத்தாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அது என் ராத்தா என்று ஒவ்வொருவனாகப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

வந்த முதல் கிழமையிலேயே அவள் பொக்குகளைக் கவனித்துவிட்டாள். இடைவேளையில் கான் ஓரமாகக் கிடந்த ஒன்றை எடுத்து, முந்தானையால் துடைத்து, பின்பக்கத்தை வாசித்துவிட்டு, "ஏன் இத எறிஞ்ச?" என்று கேட்டாள்.

"அது பொக்கு, டீச்சர். ஒரு மெட்ச்தான் வெளையாடின. ஒண்டுமே அடிக்கல்ல," என்றான் ஒரு பொடியன்.

"ஒரு நாளாவது எறங்கின மனிசன்தானே? பார்த்தவங்க மறந்துட்டாங்க எண்டு, அவர் எறங்கினது இல்லாமப் போகுமா?"

பொடியனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் டீச்சருக்குப் பொக்கு பிடிக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து காலையில் அவள் மேசையில் பொக்குகள் குவியத் தொடங்கின. வென்ற படங்களைத் தாங்கள் வைத்துக்கொண்டு, தோற்றவர்களையெல்லாம் டீச்சருக்குக் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொருவரையும் துடைத்து, சுருண்ட மூலையை நகத்தால் நீவி, பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி வைத்தாள். ஓரிரு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவரைக் கொடுத்தால், "இவருக்கு எடமில்ல, இவர் நல்லா வெளையாடி ஈக்கிறார்," என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அந்த டின்னை வைத்து அவள் நடத்திய பாடத்தை, பிற்பாடு நானே ஆசிரியையாகி எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயும், வேறெங்கும் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொக்கைக் கையில் கொடுப்பாள். முதலில் இங்கிலீஷ் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும். பிறகு தமிழில் ஒரு கட்டுரை: விளையாட்டை விட்ட பிறகு இவர் என்ன செய்தார்? பாடப் புத்தகத்தைத் திறந்தாலே தூங்கிவிடுகிற பிள்ளைகள், அந்தத் தாளில் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்கள். "இவர் தம்புள்ளையில் தேத்தண்ணிக் கடை போட்டார். கடையில் வடை நல்லது." "இவர் லக்கல பஸ்ஸுக்கு டிரைவராகப் போனார். ஒருவரையும் இறக்காமல் விடவில்லை." மீசைக்கார வெள்ளைக்காரர் ஒருவர் கலிமாச் சொல்லி, ஹஜ்ஜுக்குப் போய், திரும்பிவந்து மிளகு பயிரிட்டார். ஒரு பெண் பிள்ளை இரண்டே வரி எழுதியிருந்தாள்: "இவருக்கு விளையாட விருப்பம். இவருடைய வாப்பா போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்." அதை ராத்தா வகுப்புக்கு வாசித்துக் காட்டினாள். நான் எழுதியது, "இவர் கிழவராகி மவுத்தாகிவிட்டார்" என்பது. எனக்குத்தான் ஆகக் குறைந்த புள்ளி. பஸ்ஸில் வரும்போது காரணம் கேட்டேன். "அது எல்லாருக்கும் வாறதுதானே. நடுவுல என்ன நடந்த எண்டுதான் நான் கேட்டேன்," என்றாள்.

அந்தத் தவணை முடிவதற்குள் ராத்தாவுக்குக் கலியாணம் பேசி வந்தது. கண்டிப் பக்கத்துப் பிடவைக் கடைக்காரக் குடும்பம், துணி வியாபாரம், நல்ல ஆட்கள், மாப்பிள்ளை சாந்தமானவர். எங்கள் பக்கத்தில் அப்போது மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம், அதனால் ராத்தா வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் உம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "கலியாணத்துக்குப் பொறகும் இஸ்கோலுக்குப் போக விடுவாங்களா எண்டு கேளுங்க, உம்மா." உம்மா வாப்பாவிடம் சொல்ல, வாப்பா தரகரிடம் சொல்ல, பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது: படிச்சுக் கொடுக்கிறது நன்மையான காரியம், போகட்டும் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் ராத்தா சம்மதித்துத் தலையாட்டினாள். அடுத்த நாள் பஸ்ஸில் அவள் பாடம் சொல்லிப் பார்க்கவில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் விடுமுறையில் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதால், கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் அவர் வீட்டுப் பெண்கள் வந்து, அவருடைய உடுப்புகளைத் தங்கள் கையாலேயே பெண்ணின் அலமாரியில் அடுக்கிவிட்டுப் போவார்கள். அப்படி வந்த அன்று முன்வீட்டில் ஆண்கள், திரைக்கு உள்ளே பெண்கள். உம்மா வட்டிலப்பம் வெட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் உம்மா, எங்களுக்கு மாமி, கனத்த உடம்போடு மூச்சு வாங்கி வாங்கிச் சாரங்களையும் சட்டைகளையும் அடுக்கினார். மேல் தட்டு நிறைந்துவிட, குனிந்து கீழ்த்தட்டைத் திறந்தார். அங்கேதான் பிஸ்கட் டின் இருந்தது. பலகாரமாக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மூடியைக் கழற்றினார்.

உள்ளே இருந்து அத்தனை ஆண்களும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"யா அல்லாஹ்! ஆரு இந்த ஆம்புளைகள்?" மாமியின் குரல் திரையைத் தாண்டிப் போயிருக்கும். கூட வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராத்தா எழுந்து, "அது இஸ்கோல் புள்ளைகள் தந்த, மாமி. வெளையாட்டுக்காரங்க," என்றாள். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது, கிரிக்கெட்டும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மார்க்கம். "ஆரா ஈந்தாலும் சரி மகள், படம் ஈக்கிற அறைக்கு மலக்குமார் வரமாட்டாங்க. என்ட மகன் வந்து இரிக்கப் போற எடம். இத வெளியில போடுங்க." வானவர்கள் வராத அறையாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் சொன்னது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆனால் முன்வீட்டில் பேச்சு நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் வாப்பாவின் நிழல் வந்தது. "அதெல்லாம் அந்த இஸ்கோல்ட சாமான், மதினி. குறை நினைக்காதீங்க. இனி அந்தப் படமும் இல்ல, இஸ்கோலும் இல்ல. எங்கட மகள் இனிப் போகமாட்டா."

நான் ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். முன்வீடு முழுக்க ஆண்கள், சுற்றிவரப் புது உறவுப் பெண்கள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். மாமி, "சரி, அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு, காலியான கீழ்த்தட்டில் பெனியன்களை அடுக்கத் தொடங்கினார். டின்னை உம்மா குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் கொட்டினார். அட்டை எரியும்போது கம் வாசம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன், வெறும் கடதாசி நாற்றம்தான் வந்தது. ராத்தா குசினி வாசலில் நின்று பார்த்தாள். "ஒரே ஒருக்காப் போய், புள்ளைகள்ட சொல்லிட்டு வரட்டா?" என்று கேட்டாள். "கலியாணம் முடியட்டும் மகள்," என்றார் உம்மா. கலியாணம் முடிந்தது. அவள் போகவில்லை.

விடுமுறை முடிந்ததும் என்னை மறுபடி டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காவல் காக்க ஆளில்லையே. சில வாரங்கள் கழித்து, மிளகு கொண்டுவந்த ஒரு தகப்பனோடு அந்தப் பொடியன், பொக்கைப் பற்றி ராத்தாவுக்கு விளக்கம் சொன்னவன், எங்கள் கடைக்கு வந்தான். "ஹிதாயா டீச்சர் எங்க? ஏன் வாறல்ல?" என்று வாப்பாவைக் கேட்டான். "டீச்சர் கலியாணம் முடிச்சிட்டாங்க மகன்," என்று வாப்பா ஒரு டொபியை நீட்டினார். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் தொங்கிய சாக்குத் திரைக்குப் பின்னால் ராத்தா நின்றுகொண்டிருந்தாள். புதுப் பெண், கடைப் பக்கம் வரக்கூடாது. பொடியன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி படங்களை எடுத்து, "டீச்சர்ட்ட குடுங்க," என்று மேசையில் வைத்துவிட்டுப் போனான். எல்லாம் பொக்கு. வாப்பா அவற்றை எறியவுமில்லை, உள்ளே கொடுக்கவுமில்லை. தராசுப் பலகைக்கு அடியில் செருகி வைத்தார். நாளாக நாளாக மிளகுத் தூசி படிந்து அவை கறுத்துப்போயின.

ராத்தா நன்றாகத்தான் வாழ்ந்தாள் என்று சொல்ல வேண்டும். அவள் மாப்பிள்ளை, எனக்கு மச்சான், ஒரு கடுஞ்சொல் சொன்னவரில்லை. நாலும் ஆண் பிள்ளைகள். கண்டியில் மச்சானின் கடை பெருத்ததும் அங்கேயே வீடு எடுத்துக்கொண்டு போனார்கள், மாமியும் அவர்களோடு. பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதேயில்லை. நான் ஆசிரியையானபோது காலம் கொஞ்சம் மாறியிருந்தது, தனியாகவே பஸ்ஸில் போனேன். அவள் வீட்டுக்குப் போகும்போது சில வேளை என் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிக் கட்டோடு போவேன். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, "சிவப்புப் பேனையத் தா," என்பாள். பாதிக் கட்டை அவளே திருத்திவிடுவாள். ஒரு கொப்பியிலும் ஒரு பிழை அவள் கண்ணுக்குத் தப்பாது. என்னுடையதைவிடக் கவனமான திருத்தம்.

எனக்கு வேலை கிடைத்த செய்தியோடு போன அன்றுதான் மாமி அதைச் சொன்னார். அப்போது வாப்பா மவுத்தாகிவிட்டிருந்தார். மாமி கட்டிலில் சாய்ந்தபடி, "ஒன் ராத்தாவும் நல்ல கெட்டிக்காரி. ஏன்தான் இஸ்கோல விட்டாளோ," என்றார். நீங்கள்தானே, என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "படம் ஈந்த விசயத்துலதானே மாமி," என்றேன். "படத்தத்தானே நான் எடுக்கச் சொன்ன? இஸ்கோலப் பத்தி நான் வாயே தொறக்கல்லயே. ஒங்கட வாப்பாதான் சொன்னார். அவருக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நான் பேசாம ஈந்த." குசினியில் ராத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது.

கடையில் மிளகு வாங்க வந்தவர் மூட்டைக்குள் கையை விட்டு, முகத்தைச் சுளித்தால் போதும், அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்னரே வாப்பா ஒரு பிடி மிளகை அள்ளித் தட்டில் கூடுதலாகப் போட்டுவிடுவார். ஆள் போய்விடக் கூடாதே என்ற பயம். வியாபாரத்தில் அது பெரிய நட்டமில்லை. அன்று திரைக்கு அந்தப் பக்கம் நின்று, ஒருவரும் கேட்காத ஒன்றை, தன்னுடையதல்லாத ஒன்றை, அதே பழக்கத்தில் அள்ளிப் போட்டுவிட்டார். அவர் மீது எனக்கு நிறையப் பாசம் உண்டு, இன்றும் தொழுகையில் அவருக்காகத் துஆ கேட்கிறேன். இந்த ஒரு விசயத்தில் மட்டும் மனம் ஆறவில்லை.

இப்போது அந்தக் கம் இல்லை. எங்கள் கடை இருந்த இடத்தில் தொலைபேசி விற்கிறார்கள். அந்தக் கிராமப் பள்ளிக்கூடத்துக்கு மாடி எழும்பி, வகுப்புக்கு வகுப்பு சுவர் வந்துவிட்டது, நல்லதுதான். மச்சானும் இல்லை, மாமியும் இல்லை. ராத்தா மறுபடி மாத்தளைக்கே வந்து மூத்த மகனோடு இருக்கிறாள். அவளுக்கு ஞாபகம் தவறத் தொடங்கி இரண்டொரு வருடமாகிறது. பேரப் பிள்ளைகளின் பெயர்கள் போய்விட்டன, மச்சான் மவுத்தானது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது.

சென்ற மாதம் அவளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம், அவள் மகன் ரிஸ்வானும் நானும். தாதிப் பெண் சிங்களத்தில் வயது, ஊர் எல்லாம் விசாரித்துவிட்டு, அம்மா என்ன வேலை செய்தவர் என்று கேட்டாள். "வேலையொன்றும் இல்லை, வீட்டில்தான்," என்று ரிஸ்வான் சிங்களத்திலேயே பதில் சொன்னான்.

"டீச்சர்," என்றாள் ராத்தா.

தாதிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ரிஸ்வான் சங்கடத்தோடு சிரித்து, உம்மாவுக்கு மறதி, ஒருநாளும் எங்கும் வேலை செய்ததில்லை என்று அவளுக்கு விளக்கிவிட்டு, ராத்தாவின் தோளைத் தடவி, "எந்தக் காலத்துல உம்மா நீங்க டீச்சரா ஈந்த?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. நாலு பிள்ளைகளில் ஒருவருக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை.

ராத்தா அவன் கையை விலக்கினாள். கடைசி வாங்கு வரை கேட்கிற அந்தப் பழைய குரலில், கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, என்னை நோக்கிக் கையை நீட்டிச் சொன்னாள்.

"ஏன் இல்ல? இவட்டக் கேளு. இவ என்ட வகுப்புப் புள்ள."

ரிஸ்வான் என்னைப் பார்த்தான். எனக்கு முழங்கால் வலி, எழும்ப நேரமாகும். உட்கார்ந்திருந்த கதிரையின் கையைப் பிடித்து எழுந்து, நேராக நின்று, "ஓம் டீச்சர்," என்றேன்.